சுடுவது தெரியாத கை

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில், 'தார் சுமந்து கை மரத்துப் போகிறது, என்ன செய்யலாம்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சர்க்கரை நோய், கழுத்தெலும்புத் தேய்மானம், பூச்சிமருந்து எனக் காரணங்கள் பல உண்டு. பலரும் அறியாத ஒரு காரணம் என் தம்பிக்கு வந்த நோயால் எங்களுக்குத் தெரியவந்தது. மற்ற விவசாயிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஸ்ரீரங்கம் மேலூரில் வாழைத் தோட்டம். தார் வெட்டிச் சுமப்பது தம்பிதான். முப்பது வயதில் அவன் கையில் அடிக்கடி தீப்புண் வந்தது. கொதிக்கும் டீ டம்ளரைப் பிடிப்பான். கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கவனிப்பான். ஆனால் கையில் எறும்பு ஊர்ந்தால் உடனே தெரியும். இருமினால் பின்மண்டை வலிக்கும். நாளாக நாளாக உள்ளங்கைச் சதை வற்றி, அரிவாள் பிடி நழுவியது. 'பெருநோய்' என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். அவன் கையைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தான்.

திருச்சி அரசு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் பஞ்சு, ஊசி, வெந்நீர் வைத்துச் சோதித்தார். பஞ்சு பட்டது தெரிந்தது. குத்தலும் சூடும் தெரியவில்லை. தோலில் உணர்வற்ற தேமலும் இல்லை. தொழுநோய் இல்லை என்றவர், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்குள் நீளமாக ஒரு குழி; அது நிறைய நீர். இதற்குச் சிரிங்கோமைலியா என்று பெயர். கிரேக்கத்தில் 'சிரிங்ஸ்' என்றால் நாணல் குழல்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எப்போதும் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. தினமும் அரை லிட்டர் அளவு புதிதாக ஊறி, பழையது ரத்தத்தில் கலக்கிறது. தம்பிக்குச் சிறுமூளையின் அடிநுனி கழுத்துக்குள் இறங்கி அந்த நீரின் வழியை அடைத்திருந்தது. கியாரி குறைபாடு என்கிறார்கள். மதகில் செத்தை அடைத்தால் தண்ணீர் கரைக்குள் கசிந்து குடையுமல்லவா? அதுபோல, நாடி துடிக்கும்போதும் இருமும்போதும் எழும் அழுத்தம் நீரைத் தண்டுவடத்துக்குள் தள்ளுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

சூடு மட்டும் ஏன் தெரியவில்லை? வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கின்றன. குழி நடுவில் விழுவதால் அவைதான் முதலில் அறுபடும். தொடு உணர்வு பின்பக்கமாக மேலேறுவதால் தப்பிவிடுகிறது.

தண்டுவடத்தில் கட்டி வந்தாலும், மூளை உறையில் காசநோய் தாக்கினாலும் இப்படிக் குழி விழலாம். தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குப் பல வருடம் கழித்தும் வரலாம். பழைய அடிதானே என்று விடாதீர்கள்.

தம்பிக்குப் பின்மண்டையின் அடியில் சிறிது எலும்பை எடுத்து நீருக்கு வழி விட்டார்கள். குழி சுருங்கியது, நோய் மேலே போகவில்லை. ஆனால் போன சூட்டுணர்வு திரும்பவில்லை. முன்பே போயிருந்தால் கைச்சதையாவது மிஞ்சியிருக்கும் என்றார் மருத்துவர். இப்போது அவன் தார் சுமப்பதில்லை; நீர் பாய்ச்சுவதும் கணக்கும் அவன் பொறுப்பு. சூடான பாத்திரத்தைத் துணி வைத்துத்தான் எடுக்கிறான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தொட்டால் தெரிந்து, சுட்டால் தெரியாமல் இருந்தால், ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கையை மறைக்க வேண்டாம். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.