அன்னம்மாள் குன்றடியில் ஒரு குவளைத் தண்ணீர்



ஜூலை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சுக் கிளம்பும். "புக்கிட் மெர்தாஜாமுக்கு இந்த வருஷம் எத்தனை பேர்?" என்பதுதான் அது. கேட்பவர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாரியம்மனுக்குத் தீமிதிக்கும் குடும்பத்தாரும் பெயர் கொடுப்பார்கள். தலைக்கு இத்தனை வெள்ளி என்று பிரித்துக்கொண்டு ஒரு பஸ் பேசிவிடுவோம்.

நீங்கள் இன்னும் போகாதவரானால், இன்று என்னோடு வாருங்கள்.

தைப்பிங் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து விடியுமுன்னே புறப்படுவோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் நெத்திலிச் சம்பாலும் மடியிலே இருக்கும். பழைய சாலையில் பாகான் செராய் வந்ததும் இருபுறமும் வயல்வெளி விரியும். நாள் முழுதும் செம்பனையையே பார்க்கும் கண்களுக்கு அது ஒரு விருந்து! பாரிட் புந்தாரைத் தாண்டினால் பினாங்கு மாநிலம். நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் என்று போய், புக்கிட் மெர்தாஜாம் பட்டணத்தைக் கடந்து கூலிம் சாலையில் திரும்பினால், குன்றின் அடியில் அன்னம்மாள் கோயில். பட்டணத்தில் ரயில் நிலையமும் இருக்கிறது, ரயிலிலும் வரலாம்.

அன்னம்மாள் யார் என்கிறீர்களா? இயேசுவின் தாயான மரியாளைப் பெற்றவர். அதாவது இயேசுவுக்குப் பாட்டி. பாட்டியிடம் குறையைச் சொல்ல யாருக்குத்தான் தயக்கம்? அதனால்தானோ என்னவோ, தமிழர், சீனர் என்ற பேதமில்லாமல் கூட்டம் அலைமோதுகிறது. திருநாள் ஜூலை 26. அதையொட்டிய நாட்களில் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பூசைகள் நடக்கும். இரவில் மெழுகுவர்த்தி ஏந்திய பவனி வரும்போது பார்க்கக் கண் கோடி வேண்டும்.

குன்றின் சரிவில் இருக்கும் பழைய கோயில் 1888-இல் கட்டப்பட்டது. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் அந்த இடம் தடை செய்யப்பட்ட பகுதியாகி, ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்தது. இப்போதுள்ள பெரிய கோயில் 2002-இல் எழுந்தது. 2019-இல் இதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு வழங்கப்பட்டது.

பலரும் பார்க்காமல் திரும்பிவிடும் ஒன்று இந்த வளாகத்தில் இருக்கிறது. செரோக் தொக்குன் என்னும் கல்வெட்டுப் பாறை அது. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அதில் இருப்பது தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழிவந்த எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை! கடல் கடந்து வந்த யாரோ இந்தக் குன்றடியில் நின்றிருக்கிறார்கள். பின்னர் பிழைப்புத் தேடிச் சீனர் வந்தார்கள். பிரெஞ்சுக் குருமார்கள் வந்தார்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தார்கள். வந்தவர்களால் ஆன இடம் இது.

இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கே அது பாடமானது, என் தாயாரை அழைத்துக்கொண்டு போன ஒரு திருநாளில்தான்.

அன்று நல்ல வெயில். மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நின்றிருந்தோம். எழுபத்தைந்து வயதான அம்மா திடீரென்று என் தோளில் சாய்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றி நின்றவர்கள் பதறினார்களே தவிர, வரிசையில் தங்கள் இடம் போய்விடுமே என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அம்மாவை உட்கார வைத்தான். அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினான். தன் பையிலிருந்த தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி, "மினும், மக்சிக், மினும்" என்று வாயருகே பிடித்தான். அம்மா கண் திறக்கும்வரை அவன் நகரவில்லை.

தெரிந்த மலாயில் விசாரித்தேன். நேப்பாளத்துக்காரன், பக்கத்து ஆலை ஒன்றில் வேலை. கிறிஸ்தவன்கூட அல்லன்; விடுமுறை நாளாயிற்றே என்று கூட்டத்தை வேடிக்கை பார்க்க வந்தவன். நன்றி சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றார் அம்மா.

எனக்கோ முகம் சுருங்கிவிட்டது. ஏன் தெரியுமா?

எங்கள் தோட்டத்துக் கடைசி லயத்தில் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர் நால்வர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துக் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை. மாலையில் வாளியோடு பள்ளிக்கூடக் குழாய்க்கு வருவார்கள். "இது பள்ளிக்கூடத்துக் குழாய், இங்கே வரக்கூடாது" என்று அவர்களைத் திருப்பி அனுப்பியவன் வேறு யாருமல்லன், நான்தான்! விதியைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்குப் பெருமை வேறு.

அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டும் காணாமல் பெரியவர்கள் இருவர் போய்விட, ஒதுக்கப்பட்ட இனத்தானான சமாரியன் நின்று காயம் கட்டிய கதையை இயேசு சொன்னார். அந்நியனை ஏற்றுக்கொள்வதும் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும் தமக்கே செய்ததாகும் என்றும் சொன்னார். ஞாயிறுதோறும் கேட்ட எனக்கு அது உறைக்கவில்லை; கேட்டேயிராத அந்தப் பையன் செய்து காட்டிவிட்டான்.

அன்று ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தியை ஏற்றினோம். வேண்டுதலாக என்ன கேட்பதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் பேசினேன். பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவைக்க அவர் சம்மதித்தார். கடைசி லயத்துக்கு நானே நடந்துபோய்ச் சொன்னேன். அவர்கள் முதலில் நம்பவில்லை. வாளியை எடுக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நான் கொடுத்தது. அது தீர மூன்று நாளாயிற்று. இப்போது நால்வர் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கு ஊரில் என் மகள் வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதும் தெரியும்.

இது பெரிய தருமமல்ல, வாசகர்களே. ஒரு குழாயைத் திருகியது, அவ்வளவுதான். ஆனால் பக்தி என்பது ஆண்டுக்கு ஒருமுறை பஸ் ஏறுவதோடு முடிவதில்லை. மற்ற நாட்களில் நம் வாசலில் நிற்பவனிடம் நாம் பேசும் பேச்சிலும் அது இருக்க வேண்டும். எந்தச் சாமியைக் கும்பிடுபவருக்கும் இது பொருந்தும் அல்லவா?

அடுத்த ஜூலையில் நீங்களும் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அந்தக் கல்வெட்டுப் பாறையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வீடு திரும்பியதும், உங்கள் தோட்டத்துக் கடைசி லயம்வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.