நங்கூரத்தில் கிடந்தபோது பார்த்த வீடுகள்

பூசான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்த ஐந்து நாளும் கண்ணுக்கு இருந்தது ஒரே காட்சிதான். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரு பாறை. அதன் விளிம்பில், ஒரு தும்மலுக்கு விழுந்துவிடும் போல ஒட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை வீடுகள். எஞ்சின் அறையில் வாட்ச் முடிந்து, காதுக்குள் இரைச்சல் அடங்குவதற்கு முன்பே டீக் கோப்பையோடு மேலே வந்து நிற்பேன். காலையில் அந்த வீடுகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெயில் ஏறினால் கண் கூசும். இரவில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விளக்கு எரியும்.

2018 அக்டோபர் அது. மாதத் தொடக்கத்தில்தான் கொங்ரே புயல் கொரியாவின் தென்கரையைக் கடந்து போயிருந்தது. பழுதுபார்க்கும் துறையில் எங்கள் கப்பலுக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தோம். நான் அப்போது தேர்ட் இன்ஜினியர். டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், எனக்கும் அதுதான் ஊர். மற்றவர்கள் முன்னால் என்னை 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி'. ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு, "தீப்பெட்டிய அடுக்கி வச்சாப்ல இருக்கு. அங்கன எவன் தம்பி குடியிருப்பான்? பிள்ளைகுட்டி உருண்டு விழுந்திராதா?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

ஆறாம் நாள் கப்பலைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். யோங்டோ என்ற தீவின் பழுதுபார்க்கும் துறை. அந்த வெள்ளை வீடுகள் இருந்ததும் அதே தீவுதான் என்பதை மேப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த சனிக்கிழமை சீஃப் இன்ஜினியர் எனக்கு ஒரு பகல் விடுப்பு தந்தார். "ஆறு மணிக்கு கேங்வேயில நிக்கணும்." கப்பலில் ஏறும் படிதான் கேங்வே. மற்ற பையன்கள் எல்லாம் செல்போன் வாங்க நகரத்துக்குள் போய்விட்டார்கள். நான் தனியாக எதிர்த்திசையில் நடந்தேன்.

துறையின் வாசலைத் தாண்டியதும் ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு படும் சத்தம், ஒரே சீரில். கப்பலில் கேடட்டாகச் சேரும் எவனுக்கும் அது தாலாட்டு மாதிரி. சிப்பிங். சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டி உதிர்ப்பது. முதல் ஆறு மாதம் எனக்கு வேலை என்று தந்ததே அதுதான். நின்று கேட்டேன். கரைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு மீன்பிடிக் கப்பலின் வயிற்றிலிருந்து வந்தது.

அந்த இடத்துக்குப் பெயரே சத்தத்திலிருந்து வந்ததுதான்: காங்காங்கி. நாம் 'டங் டங்' என்போமே, கொரியர்களின் காதில் அது 'காங் காங்'. 1887-இல் ஒரு ஜப்பானியர் இங்கே படகு கட்டும் பட்டறை போட்டதிலிருந்து தொடங்குகிறது கதை. 1970-களில் கொரியாவின் தூரக் கடல் மீன்பிடிப்பு செழித்தபோது வேலை குவிந்தது. கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் பலகை கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து கொட்டலசையும் துருவையும் தட்டியவர்கள் பெண்கள். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், போரில் ஓடிவந்தவர்கள், குடும்பத்துக்குத் தாங்களே என்று ஆனவர்கள். காங்காங்கி ஆஜும்மா என்று அவர்களைச் சொல்கிறார்கள். ஆஜும்மா என்றால் நம்முடைய அக்காவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு விளி. பலருக்கும் காது போய்விட்டது. காங்காங்கி இருக்கும் தேபியோங்டோங்குக்குக் கொண்டுபோனால் சரிசெய்ய முடியாத கப்பலே கிடையாது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெருமையில் இந்தக் காதுகளுக்கும் பங்கு உண்டு.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பக்கச்சுவர் முழுவதும் ஒரு கிழவியின் முகம் வரைந்திருந்தது. ஜெர்மன் ஓவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷ் வரைந்தது. சுருக்கம் சுருக்கமாக, சிரிக்காத முகம். அடியில் நின்றால் கழுத்து வலிக்கும். கப்பல் வேலைக்கு இப்படி ஒரு முகத்தை யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. விளம்பரங்களில் எப்போதும் வெள்ளைச் சட்டை கேப்டன்தான்.

அங்கிருந்து அந்த வெள்ளை வீடுகளுக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவான நடை. ஹின்யோல் என்று பெயர். வெள்ளை நீரோட்டம் என்று பொருள். பின்னால் நிற்கும் பொங்னேசான் மலையிலிருந்து ஓடை ஒன்று வெள்ளையாக நுரைத்து இறங்குமாம். நான் போனபோது சொட்டுத் தண்ணீர் இல்லை. 1950-இல் கொரியப் போர் தொடங்கி, பூசான் நாட்டின் தற்காலிகத் தலைநகரம் ஆனபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கில் ஜனம் இறங்கியது. தட்டையான நிலம் எல்லாம் நிரம்பிவிட, மிஞ்சியது இந்தப் பாறை விளிம்பு. போசன் அண்ணாச்சியின் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. குடியிருக்க வேறு இடம் இல்லாதவன்தான் குடியிருப்பான்.

ஒருவர் போனால் எதிரே வருபவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. இடப்பக்கம் வாசற்படிகள், வலப்பக்கம் இடுப்பளவு வெள்ளைச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் காற்று. சில வீடுகள் காபிக் கடைகளாகிவிட்டன. 2013-இல் வந்த 'தி அட்டர்னி' படத்தில் நடிகர் சாங் காங்-ஹோ படியேறிப் போகும் வீட்டின் முன்னால் ஜோடி ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் போனால் கூட்டம் குறைந்தது. மிளகாய் காயப்போட்ட பாய்கள், கொடியில் துணி, கூரையில் தண்ணீர்த் தொட்டி என்று ஊர் மறுபடி ஊராயிற்று.

ஓர் இடத்தில் சுவரில் கையை ஊன்றிக் கடலைப் பார்த்தேன். கீழே, விரிந்த நீரில், கப்பல்கள். பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் காற்றுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு ஒரே திசையில் நின்றன. எண்ணெய் போட, சாமான் ஏற்ற, பழுதுபார்க்கக் காத்திருப்பவை. நாங்கள் கிடந்த இடம் அது. இப்போது அங்கே சிவப்பு அடிவயிறு தெரிய வேறொரு கப்பல் நின்றது. அதன் மேல்தளத்தில் எவனோ ஒருவன் டீக் கோப்பையோடு நிற்பான் என்று தோன்றியது. ஆனால் இங்கிருந்து ஆள் தெரியாது. ஆள் மட்டுமல்ல, சத்தமும் வராது. ஒன்பது வருடக் கடல் வாழ்க்கையில் ஓடாத கப்பலை நான் கேட்டதே இல்லை. நங்கூரத்தில் கிடந்தாலும் ஜெனரேட்டர் ஓடும், பம்பு ஓடும். இங்கிருந்து பார்த்தால் எல்லாக் கப்பலும் ஊமை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்து வாசலில் மிளகாய் புரட்டிக்கொண்டிருந்த பாட்டி என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. கப்பல்களைக் காட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "ஆ, பே!" என்றார். பே என்றால் கப்பல். உள்ளே போய் ஆவி பறக்க ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கை எடுத்துவந்து கையில் வைத்தார். மறுக்கக் கை நீட்டினால் அடிப்பார் போலிருந்தது.

அந்தக் கிழங்குக்கும் தீவுக்கும் ஒரு கதை இருப்பதைப் பின்னால் படித்தேன். ஜப்பானுக்குத் தூது போன ஜோ ஓம் என்ற ஜோசன் அரசு அதிகாரி, 1763-இல் சுஷிமா தீவிலிருந்து விதைக்கிழங்கு அனுப்பினார். கொரிய மண்ணில் அது முதலில் ஊன்றப்பட்ட இடங்களில் யோங்டோவும் ஒன்று. பஞ்ச காலத்துக்கான பயிர். பாட்டிக்கு அது தெரியுமோ என்னவோ. எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பிடிகிழங்கு வேகவைக்கும் வாசனைதான் எனக்கு வந்தது.

இன்னொரு பாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்னேசான் மலைமேல் ஒரு மூதாட்டித் தெய்வம் இருக்கிறாள் என்பது தீவு நம்பிக்கை. தன் பிள்ளைகள் தீவை விட்டுக் குடிபெயர்ந்தால் அவளுக்குப் பிடிக்காது, போனவர்களுக்கு மூன்று வருடத்துக்குள் கெடுதல் வரும். அதனால் வீடு மாற்றுகிறவர்கள் இரவோடு இரவாக, மலையின் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போவார்களாம். பாறை விளிம்பில் வந்து ஒட்டிய அகதிகளையும் பிள்ளைகளாக எடுத்துக்கொண்ட தெய்வம். எடுத்துக்கொண்ட பிறகு விடமாட்டேன் என்கிறது.

படிகளில் இறங்கினால் பாறையின் காலடியில் கடலோர நடைபாதை. மூன்று கிலோமீட்டர். தீவின் பழைய பெயரான ஜொல்யோங்கைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். நிழல் அறுந்த தீவு என்று பொருள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இது குதிரைகள் மேய்ந்த தீவு. அவை ஓடும் வேகத்தில் நிழல் அறுந்து பின்தங்கிவிடுமாம். நான் ஓடவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக, நடுவில் ஒரு சின்னத் தொங்குபாலமுமாக, முழங்கால் நடுங்க நடந்தேன். கப்பல்காரனுக்குப் படியேறிப் பழக்கம் உண்டு. தொடர்ந்து நேராக நடந்துதான் பழக்கம் இல்லை.

ஜுங்னி என்ற சிறு கரையில் ரப்பர் உடையோடு சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஹேன்யோ, கடலில் மூழ்கி எடுக்கும் பெண்கள். சொந்த ஊர் ஜெஜு தீவு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவர்கள் யோங்டோவுக்கு வேலை தேடி வந்துவிட்டார்கள். ஜெஜு ஹேன்யோ பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. எனக்கு அங்கே கால் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துச் சங்கு குளிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே மூழ்குவது ஆண்கள். முத்துக் குளித்த காலத்தில் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். தங்கை தாலி அவன் கையில் இருக்கிறதே என்ற கணக்கு. இங்கே கயிறும் இல்லை, மச்சானும் இல்லை. ஒரு மிதவை, அதில் கட்டிய வலைப்பை. மேலே வந்து மூச்சை விடும்போது வாயிலிருந்து விசில் போல ஒரு சத்தம் எழும். 

சிவப்பு பிளாஸ்டிக் பேசினில் அன்றைய பிடி இருந்தது. ஒருத்தி எட்டிப் பிடித்து எடுத்ததைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. கடல் அட்டை! மன்னார் வளைகுடாவில் அதைத் தொட்டால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும். 2001-லிருந்து நம் நாட்டில் தடை. இங்கே கத்தியால் இரண்டே கீறு, துண்டு துண்டாகத் தட்டில் வைத்து, மிளகாய் விழுதோடு நீட்டினாள். அக்கம்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன். கடிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்து எல்லாரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதை முடித்ததும் கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் ஒன்று வாங்கித் தின்று வாய் ருசியை மாற்றிக்கொண்டேன்.

தேஜொங்தேவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தீவின் தெற்கு முனை, எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கிற இடம். ஷில்லா அரசன் தேஜொங் வந்து அம்பு எய்து விளையாடியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். 1906-இல் முதலில் ஏற்றிய கலங்கரை விளக்கம், வெள்ளைப் பாறைகள், கூட்டம். ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன கணவனுக்காகக் காத்திருந்து கல்லாகிப்போன மனைவி என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். கடலோர ஊர் எதற்குப் போனாலும் இப்படி ஒருத்தி கல்லாகி நிற்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் கல்லாகவில்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. அன்றைக்கு வானம் தெளிவு. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சுஷிமா நீலக் கோடாகத் தெரிந்தது. பையில் போன் அதிர்ந்தது: ஜப்பானுக்கு நல்வரவு, ரோமிங் கட்டணம் இவ்வளவு. பாஸ்போர்ட்டே இல்லாமல் எல்லை தாண்டியாயிற்று. அம்மாவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

திரும்பும்போது பேருந்து. ஒரு பெரிய கப்பல் கட்டும் தளத்தின் நீண்ட சுவரை ஒட்டிப் போனது. சுவருக்கு மேல் கிரேன்கள். கிம் ஜின்-சுக் என்ற பெண் வெல்டர் 2011-இல் ஆட்குறைப்பை எதிர்த்து 309 நாள் உட்கார்ந்திருந்தது அங்கேதான், 85-ஆம் எண் கிரேனில், முப்பத்தைந்து மீட்டர் உயரத்தில். 2003-இல் அதே கிரேனில் 129 நாள் போராடி, அங்கேயே உயிரை விட்டவர் அவருடைய தோழர் கிம் ஜு-இக். கப்பல் தொழிலில் இருக்கிற எவனும் கேள்விப்பட்ட கதை. 309 நாள் என்பது எங்கள் ஒப்பந்தத்தைவிட நீளம். எங்களுக்காவது நடக்க ஒரு கப்பல் அளவு இடம் உண்டு. 1986-இல் வேலையை இழந்த அந்த அம்மாவை 2022-இல் ஒரே ஒரு நாள் வேலையில் திரும்பச் சேர்த்து ஓய்வு கொடுத்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, அந்தப் பேருந்து ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது.

யோங்டோ பாலத்தை நான் தவறவிட்டேன். அப்போது மதியம் இரண்டு மணிக்கு அதன் ஒரு துண்டைத் தூக்குவார்கள். நான் இறங்கியபோது மணி நாலரை. கார்கள் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. 1934-இல் திறந்த பாலம். 1966-இல் தூக்குவதை நிறுத்தி, 2013-இல் புதுப்பித்து மறுபடி தொடங்கினார்கள். போரில் சிதறிய குடும்பங்களுக்குப் பூசானில் தெரிந்த ஒரே பெயர் இந்தப் பாலம். பிரிந்தால் யோங்டோ பாலத்தில் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். வந்து காத்திருந்தார்கள். வராதவர்களைப் பற்றிக் கேட்கப் பாலத்தடியில் குறி சொல்கிறவர்கள் கடை போட்டார்கள். அந்தக் கடைகளைத் தேடினேன். எதுவும் கண்ணில் படவில்லை. தீவின் பிள்ளையான பாடகர் ஹியுன் இன்னுக்கு அங்கே ஒரு சிலை. இந்தப் பாலம் வரும் அவருடைய போர்க்காலப் பாட்டு சிலையிலிருந்தே ஒலித்தது. பக்கத்தில் ஒரு கிழவர் காலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்.

ஐந்து ஐம்பதுக்கு கேங்வேயில் ஏறினேன். எட்டு நாள் கழித்து, வேலை முடிந்து கப்பல் மறுபடி வெளியே வந்து, எண்ணெய் போட ஓர் இரவு அதே நங்கூரத் தளத்தில் நின்றது. சாயங்காலம் செகண்ட் மேட்டிடம் பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பாட்டி வீட்டைத் தேடினேன். மிளகாய்ப் பாய் இல்லை. தொட்டி எல்லா வீட்டிலும் இருந்தது. எல்லாமே வெள்ளை.

அண்ணாச்சி வந்து நின்றார். "எது தம்பி, ஒங்களுக்குக் கிழங்கு குடுத்த வீடு?"

நான் ஏதோ ஒன்றைக் கை காட்டினேன். வாங்கிப் பார்த்தார், வெகு நேரம். மறுநாள் மெஸ்ஸில், அந்த வீட்டுக்குப் பச்சைக் கதவு என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.