இரண்டாவது சனிக்கிழமை

"நர்ஸுகளுக்கு ஒரு சங்கம் எதற்கு? நமக்குத்தான் ரயில்வே பாஸ் இருக்கிறதே!" என்று 2016ஆம் ஆண்டில் என் மனைவியிடம் நான் கூறியதை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. அக்காலத்தில் நர்ஸுகளுக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 25 வீதம் சலுகை உண்டு. (2020 மார்ச்சில் வேறு பல சலுகைகளோடு அதுவும் நின்றுபோயிற்று.) இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தில் சேர்வதெல்லாம் அந்தச் சலுகைக்காகவே என்று புக்கிங் ஆபீஸ் நண்பர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அச்சங்கம் 1908ஆம் ஆண்டில் தோன்றியது என்பதும், 1910 முதல் தனக்கென ஒரு பத்திரிகை நடத்திவருகிறது என்பதும் மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட இந்தக் குமாஸ்தாவுக்கு எங்ஙனம் தெரியும்?

என் மனைவி நாகர்கோவிலில் நர்ஸிங் படித்தவள். மணமாகிச் சிகந்தராபாத்துக்கு வந்தபின், தமிழ்நாட்டுக் கவுன்சிலில் இருந்த தன் பதிவை இவ்விடத்துக் கவுன்சிலுக்கு மாற்றிக்கொள்ள அவள் பட்ட பாட்டைத் தனியே எழுத வேண்டும், இப்போது வேண்டாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்க இயலாமையால், தனியார் பள்ளி ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்தாள். மாடிப்படியின் கீழ் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. பிள்ளைகளோ ஆயிரத்துக்கு மேல். "சௌகரியமான உத்தியோகம்" என்று உறவினர் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

2017 ஜூலையில் ஒரு நாள், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை ஆயா கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம், கேட்ட கேள்விக்குத் தடுமாற்றமான விடை. கணக்குப் பரீட்சைக்கு அஞ்சி நடிக்கிறான் என்று வகுப்பாசிரியை கருதினாராம். சட்டையைத் தளர்த்தும்போது வயிற்றில் ஊசி குத்திய அடையாளங்களை என் மனைவி கண்டாள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை. காலையில் ஊசி போட்டபின் உண்ணாமலே வந்திருக்கிறான். இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி அறையில் இல்லை. தாயாரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பாரில்லை. பிள்ளைக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. ஆகவே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து தன் பென்சில் பெட்டியைத் தேடினான்.

மறுநாள், "யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?" என்று நிர்வாகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. நோயைப் பெற்றோர் மறைத்திருந்தனர். சொன்னால் பள்ளியில் இடம் கிடைக்காதென்று அச்சமாம்.

அன்றிரவு அவள் உறங்கவில்லை. "நான் செய்தது சரிதானா? ஆஸ்பத்திரியாயிருந்தால் பக்கத்தில் ஸிஸ்டர் இருப்பார், டாக்டர் இருப்பார். இங்கே யாரைக் கேட்பேன்? சொல்லுங்கள்" என்றாள். நான் என்ன சொல்வேன்? என் ஆபீஸில் ஒரு பைலில் ஐயம் வந்தால் தலைமைக் குமாஸ்தாவைக் கேட்கலாம், விதிப்புத்தகத்தைப் புரட்டலாம், மெமோ வந்தால் யூனியனுக்கு ஓடலாம். ஒரு காகிதத்துக்கு இத்தனை துணை இருக்க, ஒரு குழந்தையின் உயிரைக் கையில் வைத்திருப்பவளுக்கு ஒரு துணையும் இல்லையென்பது அன்றுதான் என் மனத்தில் தைத்தது. விளக்கக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். தெய்வாதீனமாக வேலை போகவில்லை.

அடுத்த மாதம் தெலங்கானாவில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. அது சம்பந்தமான கூட்டமொன்றில் அவளருகே அமர்ந்திருந்தவர் வேறொரு பள்ளியின் நர்ஸ், மலையாள அம்மையார். நடந்ததைக் கேட்டு, "நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதினீர்களா?" என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் முகத்திலிருந்த தெளிவு, ஒரு மாதமாக நான் சொன்ன ஆறுதல் எதனாலும் வரவில்லை.

அந்த இரண்டாவது சனிக்கிழமை, பள்ளிகளுக்கு விடுமுறையாதலால், மெட்டுகுடாவில் எங்கள் குவார்ட்டர்ஸில் நான்கு பேர் கூடினர். இப்போது பதினொருவர் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், பழைய நகரத்து உருது எல்லாம் கலந்த பேச்சு. காக்காய் வலிப்புக்காரப் பிள்ளையின் வாயில் ஸ்பூனைத் திணிக்கும் ஆசிரியரை எப்படித் தடுப்பது, ஆஸ்துமாப் பிள்ளையின் இன்ஹேலரைப் பையில் வைத்துப் பூட்டும் வழக்கத்தை எப்படி மாற்றுவது, பேன் பிடித்த பெண்ணை அவமானமில்லாமல் எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்றெல்லாம் பேசுவார்கள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு வெளியே போய்விடுவேன்.

என் பங்காக ஒன்று செய்தேன். பெற்றோருக்கு அனுப்ப ஒரு பக்க விண்ணப்பத்தாளை டைப் செய்து கொடுத்தேன். பிள்ளைக்கு என்ன நோய், என்ன மருந்து, எது ஒவ்வாது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பவை மட்டும். "இதனால் பிள்ளையின் இடத்துக்குப் பாதகமில்லை" என்ற வரியைச் சேர்க்க நிர்வாகத்தார் இசைவதற்கு அவள் மூன்று முறை நடந்தாள்.

அரசாங்கம் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமத்தில் டாக்டர்கள் இருவர், மருந்தாளர், நர்ஸ் ஆகியோர் குழுவாய் அரசுப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். அங்கே நர்ஸ் தனியாள் அல்லள். தனியார் பள்ளியின் படிக்கட்டு அறைக்கு அக்குழு வருவதில்லை. நியூயார்க் நகரில் 1902இல் லீனா ரோஜர்ஸ் என்னும் அம்மையார் ஒருவராகவே நான்கு பள்ளிகளில் இப்பணியைத் தொடங்கினாராம். அந்நாட்டுப் பள்ளி நர்ஸுகள் 1968இல் ஆசிரியர் சங்கத்துக்குள் ஒரு பிரிவாகச் சேர்ந்து, 1979இல் தனிச் சங்கமே கண்டார்கள். இவற்றையெல்லாம் என் மனைவி படித்துச் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆம், செவிலியர் சங்கத்தில் இப்போது அவளும் உறுப்பினள். கட்டணத்தை நானே கட்டினேன்.

2018 ஜூனில் பள்ளி திறந்தபோது அச்சிறுவனின் தாள் திரும்பி வந்தது. "சர்க்கரை நோய்" என்ற கட்டத்தில் தாயார் தம் கையாலேயே தெலுங்கில் "உண்டு" என்று எழுதி, கீழே இரண்டு தொலைபேசி எண்களையும் குறித்திருந்தார்.

நம் சங்கக் குடும்பங்களில் பள்ளி நர்ஸாயிருக்கும் சகோதரிகள் எவரேனும் இருப்பின், செயலாளரிடம் எங்கள் முகவரியைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி. காபி என் பொறுப்பு.