ஆயிரத்தில் மூன்று

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு எவ்வளவு இருக்கும்? தலைமயிர் ஒன்றை அளந்து பார்த்தால், ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், ஏறக்குறைய மூன்று கூறுகள் தேறும். பணிமனைகளில் அந்தக் கூற்றுக்குத் ‘தௌ’ என்று பெயர். அந்தத் ‘தௌ’வை நம்பியே எங்கள் குடும்பம் 39 ஆண்டுகள் உண்டது, உடுத்தது, ஒரே மகளைப் படிக்கவும் வைத்தது.

இன்று கட்கி என்று எழுதப்படும் கிர்க்கியில், 1869 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தோட்டாத் தொழிற்சாலையை இம்மலரின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பலருடைய தந்தையோ மாமனாரோ அதன் வாயிலில் மிதிவண்டியை நிறுத்தியவராகவே இருப்பார். எங்களில் ஒருவர் 1969 இல் அங்கே சேர்ந்து 2008 இல் ஓய்வு பெற்றார். மற்றவர் 1971 வைகாசியில் மணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரயிலேறி வந்து, அவருடைய சட்டைகளில் படிந்த எண்ணெய்க் கறையை வெளுத்தவர். ஆகவே இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று எழுதுவதில் பிழையில்லை என்று எண்ணுகிறோம்.

அவருடைய வேலை அளப்பது. உருவான குண்டுகளை இரண்டு வளையங்களில் இட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று குண்டு நுழைந்து செல்ல வேண்டிய வளையம். மற்றொன்று நுழையவே கூடாத வளையம். முதலாவதில் நுழையாதது பெருத்தது, இரண்டாவதில் நுழைந்தது சிறுத்தது. இரண்டுமே கழிவுப் பெட்டிக்குப் போகும். பருத்த குண்டு துப்பாக்கிக் குழலுக்குள் நெருக்கிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். சிறுத்த குண்டைச் சுற்றிப் புகை கசிந்து முன்னே ஓடிவிடும். குண்டு குறியை விட்டு விலகும். 1971 டிசம்பரில் இரவும் பகலும் வேலை நடந்தது. மணமாகி ஏழு மாதங்கூட ஆகாத நிலையில், ஒருவர் இரவெல்லாம் வளையத்தோடும் மற்றவர் இரவெல்லாம் வானொலியோடும் கழித்தோம். அந்தக் குண்டுகள் எங்கே போகின்றன என்று அன்றைக்கும் பேசிக்கொண்டதில்லை, அதன் பின்னும் பேசிக்கொண்டதில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகின்றன என்பதே போதுமானதாக இருந்தது.

பேச நேர்ந்தது 2016 இல், அமெரிக்காவில்.

மகளும் மருமகனும் விஸ்கான்ஸின் மாநிலத்தில் வாழ்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே சென்றிருந்தோம். அண்டை வீட்டுக்காரர் தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வயதினர். தன் தந்தை தோட்டாத் தொழிற்சாலையில் இருந்தவர் என்று மகள் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட, மறுநாளே அவர் வந்து எங்கள் இருவரையும் தம் வீட்டு நிலவறைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே ஒரு சிறு பணிமனையே இருந்தது. உறுதியான மரமேசை, அதன் விளிம்பில் கைப்பிடியால் இயங்கும் ஒரு பிரஸ், சுவரோரம் தட்டு தட்டாகப் பித்தளைக் கூடுகள். நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் சிறைக்குத்தான் போக வேண்டும். அந்நாட்டின் மைய அரசுச் சட்டமோ விற்பதற்குச் செய்பவனிடம் மட்டுமே உரிமம் கேட்கிறது. தன் தேவைக்குச் செய்துகொள்பவனைக் கேட்பதில்லை. ஆயிரம் பேர் கூடிச் செய்ததை ஒரு கிழவர் தம் வீட்டின் அடியில் தனியாகச் செய்துகொண்டிருப்பதைக் கண்டபோது எங்களில் ஒருவருக்கு வியப்பும் சற்றே மனத்தாங்கலும் உண்டாயின என்பதை மறைப்பதற்கில்லை. வாயிற்காவலரின் சோதனை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, ஊதும் சங்கு கூட இல்லை!

அவர் முதலில் காட்டியது தாமே வார்த்த ஈயக் குண்டுகளை. பழைய கார்ச் சக்கரங்களில் பொருத்தியிருந்த ஈயத் துண்டுகளை உருக்கி, அச்சில் ஊற்றி வார்த்தவை. வார்ப்பு எப்போதும் வேண்டிய அளவினும் சிறிது பருத்தே வரும். தம் துப்பாக்கிக் குழலின் அளவை அறிய, மென்மையான ஈயக் கட்டி ஒன்றைக் குழலின் உள்ளே செலுத்தி, மறுமுனையில் எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்திருந்தார். அதைவிட ஒரு ‘தௌ’ மட்டும் கூடுதலாக இருக்கும்படி வார்ப்பைக் குறைக்க வேண்டும். குண்டின் மேல் தேன்மெழுகு கலந்த பசையைத் தடவினார், நடுவே துளையுள்ள எஃகு அச்சின் அடியில் அதை வைத்தார், கைப்பிடியை அழுத்தினார். குண்டு அச்சின் மேல்வாய் வழியே பளபளவென்று வெளிவந்தது.

“என்னங்க, நம்ம முறுக்கு அச்சு மாதிரியே இல்ல?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். கிழவர் அதன் பொருளைக் கேட்டறிந்து வெகு நேரம் சிரித்தார். பொற்கொல்லர் கம்பி இழுக்கும் தகடும் அதே வகைதான்; துளைக்குத் துளை நூலிழை நூலிழையாகக் குறைத்துக்கொண்டு போவார். அளவைக் குறைக்கும் கலை உலகமெங்கும் ஒன்றுதான் போலும்.

இதுவரை குறையொன்றும் இல்லை. பின்னர் அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். நண்பர் ஒருவர் கொடுத்த 200 குண்டுகள். உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவை உறை. .303 துப்பாக்கிக்கு உரியவை. பெயரில் 303 என்றிருந்தாலும் அக்குண்டின் குறுக்களவு .311 அங்குலம். .303 எங்களுக்குப் பழைய உறவு. உத்தரப் பிரதேசக் காவலர்கள் 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடை கொடுத்தார்கள். கிழவருடைய துப்பாக்கிக்கு வேண்டியதோ .308. மூன்றே ‘தௌ’ வேறுபாடு. அவற்றையும் அச்சில் அழுத்திக் குறைத்து வைத்திருந்தார். நவம்பரில், நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டைக்காலம். 14 வயதுப் பேரன் முதன்முறையாக உடன் வருகிறான். அவன் கையில் தாத்தா செய்த தோட்டாவைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “நீங்கள் அறிந்தவர், பார்த்துச் சொல்லுங்கள்” என்று குறைத்த குண்டு ஒன்றை நீட்டினார்.

எட்டாண்டுகளுக்குப் பின் கையில் ஒரு குண்டு. மைக்ரோமீட்டரில் .308 காட்டியது, வளையம் என்றால் தடையின்றி ஏற்றிருக்கும். ஆயினும் அளந்தவர் முகம் தெளியவில்லை. ஓர் அரத்தையும் சிறு இரும்பு அறுவாளையும் கேட்டு வாங்கினார். குறைக்காத குண்டு ஒன்றையும் குறைத்த குண்டு ஒன்றையும் நெடுக்காக அறுத்தார். முதலாவதில் ஈயம் உறையைப் பற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவதில், நகத்தால் நெம்பியதும் ஈயம் தனியே கழன்று மேசைமேல் விழுந்தது.

காரணம் எளியது. நெருக்குகிற அச்சிலிருந்து வெளிவந்ததும் செம்பு சிறிதளவு தன் பழைய பருமனை நோக்கி மீளும். ஈயத்துக்கு அந்த மீட்சி இல்லை. நெருக்கிய இடத்திலேயே நின்றுவிடும். உறை ஓரிழை விலக, உள்ளீடு பிடிப்பை இழக்கிறது. அதனால்தான் உறையிட்ட குண்டைச் சிறியதிலிருந்து பெரிதாக்குவார்களே ஒழிய, பெரியதிலிருந்து சிறிதாக்கத் தேர்ந்தவர்கள் விரும்புவதில்லை. முழுதும் ஈயமான வார்ப்புக் குண்டுக்கு இத்தொல்லை கிடையாது. குழலிலிருந்து வெளிப்படும் குண்டு நொடிக்கு மூவாயிரம் முறைக்கு மேல் சுழலும். அந்தச் சுழற்சியில் உள்ளீடு ஆடினால் குண்டு நேர்வழி செல்லாது. நெஞ்சில் பட வேண்டியது வயிற்றிலோ தொடையிலோ படும்.

இதை எப்படிச் சொல்வது? பேரனுக்கென்று 200 முறை கைப்பிடியை அழுத்திய மனிதரிடம், அவர் வீட்டில், விருந்தாளியாக நின்றுகொண்டு? எங்களில் ஒருவர் மற்றவரின் முழங்கையைத் தொட்டார். விட்டுவிடுங்கள் என்பது அதன் பொருள். தொடப்பட்டவர் விடவில்லை. உடைந்த ஆங்கிலத்தில், கழன்று விழுந்த ஈயத்தைக் காட்டி, சொல்லிவிட்டார். கிழவர் அந்த இரு பாதிகளையும் விளக்கடியில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடி மேசைக்கு அடியில் தள்ளினார். காபி தரட்டுமா என்று கேட்டார். அன்று குடித்த காபி எங்களுக்கு இறங்கவில்லை.

பத்து நாள் அவர் வேலியருகே வரவில்லை. மனம் புண்பட்டுவிட்டது என்றே நினைத்தோம்.

வேட்டைக்காலத்தின் இரண்டாம் நாள் மாலை, ஆரஞ்சு நிறச் சட்டையோடு அந்தச் சிறுவனே வந்து கதவைத் தட்டினான். கடையில் வாங்கிய குண்டைக் கொண்டு தாத்தா புதிதாகத் தோட்டா செய்து கொடுத்தாராம், ஒரே அடியில் மான் விழுந்ததாம், துன்பப்படவில்லையாம். இதை அவன் மும்முறை சொன்னான். வந்து பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தான்.

போனோம். கொட்டகையின் உத்தரத்தில் தலைகீழாக அது தொங்கிக்கொண்டிருந்தது. விலாவில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துளை. ஒருவர் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர் அப்படி நின்றவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் வந்து தோளில் கைவைத்து நன்றி சொன்னார். தாளில் சுற்றிய இறைச்சியைக் கொடுக்க முன்வந்தபோது, நாங்கள் உண்பதில்லை என்று கைகூப்பினோம். மறுநாள் முறுக்குச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெளியே முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. இருட்டில் எங்களில் ஒருவர் கேட்டார்: “மொத்தம் எத்தனை அளந்திருப்பீங்க?”

மற்றவர் கணக்குப் போடத் தொடங்கினார். ஒரு பெட்டிக்கு இத்தனை, ஒரு வேளைக்கு இத்தனை பெட்டி, ஆண்டுக்கு இத்தனை வேளை என்று விரல்விட்டுக்கொண்டே போனவர், 1971 வந்ததும் நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு நாங்கள் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.