பேரனுக்கு ஒரு எஞ்சின்

என் பழைய மாணவ மாணவியருக்கும் சொந்தங்களுக்கும்,

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர்களில் பலர் ஷோகேஸில் இருக்கும் சின்ன எஞ்சினைப் பார்த்துவிட்டு, "இது என்னது டீச்சரே, தண்ணி மோட்டாரா?" என்று கேட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பிலும் நான் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா.

பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அப்பா, என் மகன், ஷார்ஜாவில் இருக்கிறான். அங்கே அவனோடு வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பும்போது, எஞ்சின் இல்லாத ஒரு ரிமோட் பந்தய வண்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டார். பக்கி என்று அதற்குப் பெயர். நம்மூரில் பக்கி என்றால் பறவை அல்லவா, நான் முதலில் கிளி ஏதோ வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். பொம்மை என்று சொல்லிவிட முடியாது. உண்மையான காரின் எட்டில் ஒரு பங்கு அளவு, மூன்றரைக் கிலோ எடை, நாலு சக்கரத்திலும் ஸ்பிரிங். எஞ்சின் ஒன்று போட்டால் போதும் என்றான் பேரன். நைட்ரோ எஞ்சின்தான் வேண்டும், பேட்டரி வேண்டாம். சத்தம் வேண்டுமாம், புகை வேண்டுமாம்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் பாத்து ஒண்ணு சொல்லுங்க. நான் வரும்போ கொண்டுவாறேன்" என்றான் மகன்.

இதற்கு முன் அப்பாவும் மகனும் போனில் பேசினால் இரண்டே கேள்விதான். சாப்டியா, மார்க் எத்தனை. மூன்று நிமிஷத்தில் போன் என் கைக்கு வந்துவிடும். எஞ்சின் பேச்சு தொடங்கிய பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பயறு உடைத்த சாயங்காலங்கள் உண்டு. அதற்காகவே நானும் பாடம் படிக்கிற மாதிரி உட்கார்ந்து படித்தேன்.

எட்டில் ஒரு பங்கு பக்கிக்கு வழக்கமாகப் போடுவது 21 என்ற அளவு எஞ்சின். 21 என்றால் 0.21 கன அங்குலம். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர், அதைக் கனமாக்கினால் 16.39, அதை 0.21-ஆல் பெருக்கினால் சுமார் மூன்றரை சி.சி. (ஐந்தாம் வகுப்பில் இதற்கு அழுதவர்கள் இப்போதாவது போட்டுப் பாருங்கள்.) நம் ஊரில் ஓடும் ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு 97 சி.சி., எட்டு குதிரைத் திறன் பக்கம். இந்த மூன்றரை சி.சி.க்கு இரண்டு குதிரைத் திறனுக்கு மேல் என்று பெட்டியில் போடுகிறார்கள். நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற விஷயம் அது.

உள்ளே தீப்பொறி கிடையாது. ஸ்பார்க் பிளக்குக்குப் பதிலாக, பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. முதலில் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைப் பழுக்க வைக்கிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளும் பிளாட்டினமும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். சூடானால் பித்தளை அதிகமாக விரிந்து சரியான இடைவெளி கொடுக்கும். வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்று பந்தும் வளையமும் வைத்து முப்பது வருடம் காட்டினேன். அதை வைத்து ஒருவர் எஞ்சினே செய்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. பேரனுக்கு ஏழு போர்ட் வேண்டும். போர்ட் என்பது ஸ்லீவில் எரிபொருள் நுழையும் வாசல். மூன்று, ஐந்து, ஏழு என்று வருகிறது. ஏழு என்றால் பெரியது என்று அவன் கணக்கு. மார்த்தாண்டத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாம் வாய்ப்பாடு தெரியாமல் முட்டி போட்டவன், இன்று எஞ்சினின் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறான்.

"டீச்சரே, வாசல் கூடுனா உச்சத்துல பறக்கும், கீழ இழுவை குறையும். இவன் ஓட்டப்போறது ரப்பர் விளையில. மரத்துக்கு மரம் வளைக்கணும், ஏறணும், இறங்கணும். மூணு வாசல் போதும். எண்ணெயும் கொஞ்சமாத்தான் குடிக்கும். பிஸ்டன், ஸ்லீவ், ராடு தனியாக் கிடைக்குதான்னு பாருங்க. கிடைக்காட்டி ரெண்டு வருஷத்துல பேப்பர் வெயிட்டுதான்."

நம் செம்மண் தூசிக்கு, எண்ணெய் தோய்த்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது என்றும் சொன்னான். 1936 முதல் ஒசாகாவில் எஞ்சின் செய்யும் ஓ.எஸ். கம்பெனியிலிருந்து இத்தாலிக்காரர்கள் வரை எல்லா விலைப்பட்டியலையும் பார்த்தோம். கடைசியில் மூன்று போர்ட், நடுத்தர விலை, உதிரி பாகம் கிடைக்கும் ஒன்றை முடிவு செய்தோம். மகன் வாங்கிவிட்டான். புது எஞ்சின் என்பதால் விமானத்தில் தொந்தரவில்லை. ஓட்டிய எஞ்சின் என்றால் எரிபொருள் வாடைக்கே ஏற்ற மாட்டார்கள்.

மூன்று மாதம் வாசலை எண்ணிய நான், அது என்ன குடிக்கும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இந்தத் தப்பு என்னுடையதுதான். டிசம்பரில் மகன் லீவில் வந்து பெட்டியைப் பிரித்து, கையேட்டை என் மடியில் போட்டான். எச்சரிக்கைப் பக்கத்தில் முதல் சொல்லே மெத்தனால். எரிபொருளில் பெரும்பங்கு அதுதான். நைட்ரோமீத்தேன் 16 முதல் 30 சதவீதம் வரை, ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ பத்து சதவீதம் போல. மீதி மெத்தனால்.

எங்கள் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை வைத்தே ஆளின் பெயரைச் சொல்வாரே, அவர்தான். பிறவியிலே பார்வை இல்லாதவர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. 1978-ல் அவர் மரச்சாமான் பாலிஷ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மதுவிலக்குக் காலம். அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட் பட்டறையில் குப்பி குப்பியாக இருக்கும். ஒரு ராத்திரி மூன்று பேர் அதைத் தண்ணீர் கலந்து குடித்தார்கள். மறுநாள் மத்தியானம், "பிள்ளே, என்ன இப்பிடிப் பனி மூடிக் கிடக்கு?" என்று கேட்டார். நல்ல வெயில். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஒருவர் போய்விட்டார். அண்ணனுக்கு உயிர் தங்கியது. அதன் பிறகு வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும் தெரியும்.

மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அது முதலில் பிடிப்பது கண் நரம்பை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனதும் இதே பொருளால்தான். அந்தச் செய்தி ஓடிய வாரம் முழுக்க அண்ணன் டி.வி. வைக்க விடவில்லை.

நம் மாநிலத்தில் மெத்தில் ஆல்கஹாலை உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. 1959-லேயே விதிகள் போட்டிருக்கிறார்கள். அந்த விதிகளின் தலைப்பிலேயே வார்னிஷ், பிரெஞ்சு பாலிஷ் என்ற சொற்கள் இருக்கின்றன. அண்ணனுடைய கதையைப் படித்துவிட்டுப் பெயர் வைத்த மாதிரி. நைட்ரோமீத்தேனும் சாதாரணச் சாமான் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து, 16 சதவீதத்துக்கு மேல் உள்ளதை உரிமம் இல்லாத தனி ஆளுக்கு விற்க முடியாது.

பேரன் அதற்குள் ஆள் பிடித்துவிட்டான். யாரோ ஒருவர் கேனில் மெத்தனால் தருவாராம், நாமே கலந்துகொள்ளலாமாம். "பில்லு உண்டா?" என்றேன். இல்லை. "கேன்ல பேரு எழுதியிருக்கா?" அதுவும் இல்லை.

"பாட்டி, நான் என்ன குடிக்கவா போறேன்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அடுப்பு மண்ணெண்ணெய், ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட், எல்லாம் வைத்துப் புழங்கிய வீடுதான் இது. ஆனால் அண்ணன் குப்பிகளைத் தடவித்தான் எடுப்பார். கஷாயம் எது, குழம்பு எது, தேங்காய் எண்ணெய் எது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். அந்த வரிசையில் இன்னொரு குப்பி வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பூட்டி வைக்கலாம் என்றான் மகன். பதினாறு வயதுப் பையன் எத்தனை நாள் பூட்டுவான்? மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது.

வேண்டாம் என்றேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவில் நாலு நாள், அப்பாவும் மகனும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். என்னோடும் பேச்சில்லை. விளையில் புல் வெட்டும் மெஷினின் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தலாமா என்று கேட்டதற்கு ஒர்க்‌ஷாப்காரன், "ஆட்டுக்குட்டி மேல ஆனைய ஏத்துற கதைதான்" என்று சிரித்துவிட்டான்.

அண்ணன்தான் பேரனைக் கூப்பிட்டார். "எனக்காகத்தான் வேண்டாங்கான்னு தெரியும் மக்களே. அந்தக் குப்பியில ஒரு எழுத்தும் இல்ல. எழுத்து இருந்தாலும் அண்ணைக்குக் குடிச்சிருப்பேன், அது வேற சோலி." அவ்வளவுதான் சொன்னார். பேரன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான்.

மகன் திரும்பிப் போவதற்கு ஒரு வாரம் முன்பு, வண்டிக்கு மோட்டாரும் பேட்டரியும் போட்டு மாற்றும் கிட் ஒன்றை வரவழைத்தார்கள். இரண்டு பேரும் தரையில் கிடந்து திருகாணி முடுக்கினார்கள். இப்போது அது விளையில் சத்தமில்லாமல் ஓடுகிறது, கோழிகள்தான் பாடுபடுகின்றன. சத்தம் இல்லாததில் பேரனுக்கு இன்னும் குறைதான். எஞ்சினை விற்க மாட்டேன் என்கிறான். பெரியவனாகி உரிமத்தோடு ஓட்டுவானாம்.

போன ஞாயிறு அண்ணன் அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஃபிளைவீலை விரலால் மெதுவாகச் சுற்றினார். "மேல வரும்போ பிடிக்குது, கேட்டியா" என்றார்.

"ரொம்பச் சுத்தாதீங்க தாத்தா" என்றான் பேரன். "சூடாக்காம சுத்தினா ஸ்லீவ் தேஞ்சிரும்." அவர் கையிலிருந்து வாங்கி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, துணியால் துடைத்து ஷோகேஸில் வைத்தான்.