அவரே சொன்னாரா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பல்லாவரம் சந்தையில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தையும் செம்பருத்திச் செடியையும் வாசலிலேயே வைத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார் பெரியம்மா. தங்கை மகள் வழக்கம்போல செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அந்த விக்கிப்பீடியாதானா? இன்னிக்கு யாரைப் பத்தி?"

"கரண் ஜோஹர், பெரியம்மா. இந்திப் பட டைரக்டர்."

பெரியம்மா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அவரு அந்த மாதிரியாமே? ஊரே சொல்லுதே. அதையும் எழுதுவியா?"

அவளும் அரை மணி நேரமாக அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜமீன் பல்லாவரத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு 26 வயது. கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலை. மின்சார ரயிலில் போகிற நேரத்திலும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவாள். 2003-ல் தொடங்கி, இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு நிற்கும் அந்தக் கலைக்களஞ்சியம், இவளைப் போன்றவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதி எழுதிச் சேர்த்ததுதான்.

அவள் முதன்முதலில் எழுதியது சொந்த ஊரைப் பற்றி. 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சாட்சியாக வந்தது அந்தக் கல்தான். இதை எழுதியபோது ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டார்கள். தேடிப் பிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. எதை எழுதினாலும், 'இதை யார் சொன்னது, எங்கே சொன்னது?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

கல் என்றால் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு மனிதருக்கு யார்மேல் ஈர்ப்பு என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

தேடினால் நூறு பக்கங்கள் வந்தன. 'நெருங்கிய வட்டாரம் சொல்கிறது' என்று ஒன்று. அதையே மேற்கோள் காட்டி இன்னொன்று. அந்த இரண்டையும் சேர்த்துப் பத்து நிமிட வீடியோ. உடை அப்படி, நடை இப்படி, கல்யாணம் ஆகவில்லை, ஆகவே... என்று போனது. எல்லாவற்றையும் பிழிந்து பார்த்தால் சாட்சி என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த விஷயத்தில் விக்கிப்பீடியாவின் விதி கறாரானது. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பாலீர்ப்பை வைத்து ஒரு பகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள். அவரே பொதுவெளியில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய பொதுவாழ்வோடு அதற்குச் சம்பந்தம் இருப்பதாக நம்பகமான வெளியீடுகள் காட்டியிருக்க வேண்டும். நண்பர் சொன்னார், முன்னாள் உதவியாளர் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது. ஆதாரமில்லாமல் யாராவது எழுதிவைத்தால், விவாதத்துக்குக்கூடக் காத்திருக்காமல் உடனே நீக்கிவிடலாம்.

இந்தக் கறார் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்டு 2005-ல் யாரோ விளையாட்டாக எழுதிய பொய், நான்கு மாதங்கள் திருத்தப்படாமலே கிடந்தது. உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் எல்லோருக்கும் புரியவைத்தது.

கரண் ஜோஹர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் பேசாமல் இல்லை. 2017-ல் வந்த தன் சுயசரிதையில் இதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். தன் ஈர்ப்பு எதுவென்று எல்லோருக்கும் தெரியும், அதைக் கூவிச் சொல்லத் தேவையில்லை என்கிறார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் விடுகிறார். சொன்னால் சிறைக்குப் போக நேரலாம் என்கிற நாட்டில் இருப்பதுதான் காரணம் என்கிறார்.

அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு நடைமுறையில் இருந்தது. 1860-ம் ஆண்டுச் சட்டம். ஆயுள் தண்டனை வரை கொடுக்க அதில் இடமிருந்தது.

"அதான் எல்லாருக்கும் தெரியும்னு அவரே சொல்லிட்டாரே. அப்புறம் என்ன, எழுத வேண்டியதுதானே?" என்றார் பெரியம்மா.

"அவர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுதான் பெரியம்மா எழுதலாம். அவர் விட்ட சொல்லை நாம போட்டு நிரப்பக் கூடாது."

"இப்போ சட்டத்தைத்தான் மாத்திட்டாங்களே?"

பெரியம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கு முந்தைய வருடமே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று சொல்லியிருந்தது. ஒருவரின் பாலீர்ப்பும் அந்த அந்தரங்கத்தில் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகவே பேசுகிறது.

"பயம் போனா அவங்களா சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சட்டம் மாறினதால நாம சொல்லிடலாம்னு ஆயிடாது" என்றாள்.

பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. 'மேல சொல்லு' என்பதுபோலப் பார்த்தார்.

அவள் துத்தி சந்த் கதையைச் சொன்னாள். ஒடிசாவில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். 100 மீட்டர் ஓட்டத்தில் தேசிய சாதனை படைத்தவர். உடம்பில் ஹார்மோன் அளவு அதிகம் என்று சொல்லி, 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குப் போகவிடாமல் அவரைத் தடுத்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போராடி, 2015-ல் மீண்டும் ஓட வந்தார். 2019 மே மாதம், தன் ஊர்ப் பெண் ஒருவரோடு உறவில் இருப்பதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே மிரட்டல் வந்ததால் சொல்ல வேண்டியதாயிற்று என்றார். ஆனால், அந்தப் பெண்ணின் பெயரை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

"அவரே சொன்னதால அவரைப் பத்தி எழுதலாம். அந்தப் பொண்ணு பேரை யாராவது தோண்டி எடுத்துட்டு வந்து எழுதினா, அது தப்பு."

"சொல்லாதவங்களைப் பத்தி யாராவது சொல்லிட்டா?"

இதற்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. சொல்லத்தான் தயங்கினாள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரியில் அவருடைய வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் நுழைந்தார்கள். அவருடைய அந்தரங்கம் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. வழக்குப் போட்டார். ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஒரு வாரத்துக்குள் அவர் வீட்டில் இறந்துகிடந்தார்.

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று இரைச்சலோடு போனது. இந்தப் பக்கத்து வீடுகளில் விமானம் போகும்வரை பேச்சை நிறுத்திவைப்பது வழக்கம். அது போன பிறகும் இருவரும் பேசவில்லை.

பெரியம்மாவின் மகன் பெங்களூருவில் இருக்கிறான். 34 வயது. மூன்று வருடமாக எந்த ஜாதகம் வந்தாலும் 'வேண்டாம்' என்ற ஒரே பதில். சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா கேலியாக ஏதோ போட்டுவிட்டு, பிறகு அழித்தார். அதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். அதன் பிறகு அவன் ஊருக்கு வரவில்லை.

பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தது இந்தி டைரக்டரைப் பற்றியல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு ஏதாவது தெரியுமா? உன்கிட்ட எதுனா சொல்லியிருக்கானா?" பெரியம்மாவின் குரல் கம்மியது.

"எனக்கு எதுவும் தெரியாது பெரியம்மா. தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது."

"பெத்தவ நான் கேட்கக் கூடாதா?"

அவளிடம் சட்டென்று பதில் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பற்றிச் சொன்னாள். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு வந்த வழக்கு. விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மனநல ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே 2021 ஜூனில் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இந்தச் சமூகத்தினரைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை 2022-ல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது.

"ஜட்ஜே மொதல்ல தெரிஞ்சுக்கணும்னு உட்கார்ந்தாரு பெரியம்மா. நாமளும் அவனை விசாரிக்காம, அவனா ஏதாவது சொல்ல வந்தா கேட்கிற மாதிரி இருக்கலாம். அவன் சொல்றதுக்கு எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம், அவ்வளவுதான்னுகூட இருக்கலாம்."

பெரியம்மா எழுந்து போய்ச் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவள் கட்டுரைக்குத் திரும்பினாள். புத்தகத்தின் பெயர், வெளிவந்த வருடம், அதில் அவர் எழுதியதன் சாரம் என்று மூன்று வரிகள் எழுதினாள். பகுப்பு எதிலும் சேர்க்கவில்லை. சேமித்தாள்.

வாசலில் பெரியம்மா போன் பேசும் சத்தம் கேட்டது.

"நல்லாருக்கியாப்பா? ஒண்ணுமில்ல, சும்மாத்தான் போட்டேன். சந்தையில நல்ல நெத்திலிக் கருவாடு கிடைச்சுது. வர்ற சனிக்கிழமை வந்துட்டுப் போயேன். யாரும் வர மாட்டாங்க, நானும் நீயும்தான். ஜாதகமா? அதெல்லாம் தரகர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். நீ வா."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் ரொம்ப நேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே நின்றிருந்தார்.