அலையின் பக்கம் சாய்தல்

தன்னம்பிக்கை என்ற சொல் நம்மிடையே மலிந்துவிட்டது. முதலில் அதை மனத்தில் வரவழைத்துக்கொள்ள வேண்டும், காரியம் பிறகு தானே நடக்கும் என்கிறார்கள். வங்கிக் கவுண்டரில் ஆறு நாள் உட்கார்ந்து, மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளைச் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக் கடலில் கயாக்கோடு கழித்த எனக்கு, வரிசை இதற்கு நேர் எதிர் என்று தோன்றுகிறது.

கயாக், ஆர்க்டிக் பிரதேசத்து இனூயிட் முதலிய மக்கள் வேட்டைக்காகச் செய்துகொண்ட படகு. சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். இப்போது பிளாஸ்டிக்கிலும் ஃபைபரிலும் வருகிறது. கடல் கயாக் சுமார் 5 மீட்டர் நீளம். அகலம் இடுப்பைவிடச் சற்றே அதிகம். நேராக, வெகுதூரம் போவதற்கென்று அமைந்தது. அலை உடைகிற இடத்தில் அந்த நீளமே வினையாகிறது. செங்குத்தான அலை பின்முனையைத் தூக்க, முன்முனை பள்ளத்தில் குத்துகிறது. இல்லாவிட்டால் படகு சட்டென்று திரும்பி அலைக்குக் குறுக்கே கிடக்கிறது.

குறுக்கே கிடக்கும் அந்த நொடியில்தான் விஷயம் இருக்கிறது. வெண்ணுரை பக்கவாட்டில் வருகிறது. உடம்பு அதைவிட்டு விலகிக் கரைப்பக்கம் சாயப் பார்க்கிறது. சாய்ந்தால் அந்த விளிம்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டு படகு கவிழும். அதற்கு மாறாக, அலையின் பக்கமே இடுப்பைச் சாய்த்து, துடுப்பின் தட்டையான முனையை நுரைமேல் படுக்கவைத்தால், கவிழ்க்க வந்த அலையே தாங்குகிறது. அப்படியே கரைவரை தள்ளிக்கொண்டும் போகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். உடம்பு ஒப்புக்கொள்ள ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. அலையின் உயரம் தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டும்போது அலை உடைகிறது. ஆகவே முழங்கால் உயர அலை தொடையளவு தண்ணீரில் உடையும். விழுந்தால் எழுந்து நிற்கலாம். விழுந்தவன் படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய படகை அலை தள்ளிவந்தால் கால் முறியும். வலப்பக்கம், இடப்பக்கம் என்று மாறிமாறி, சின்ன அலையில் எத்தனையோ தடவை. பிறகுதான் இடுப்பு உயர அலை. பயம் போய்விடவில்லை, அதற்கு ஓர் அளவு வந்தது. எந்த அலையை விட்டுவிடுவது, எதை எடுத்துக்கொள்வது என்று அது இப்போது சொல்கிறது. நம்பிக்கை என்பது இதற்குமேல் ஒன்றுமில்லை.

இந்தக் கரைக்கு இது பழைய பாடம். 1870களில் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன், சென்னையில் ஆளையும் சரக்கையும் கப்பலிலிருந்து அலைகளைக் கடந்து இறக்கியவை மசூலா படகுகள். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்தவை. தரை தட்டும்போது வளைந்து கொடுக்கும். கட்டுமரத்திலோ தண்ணீர் இடுக்குகளில் புகுந்து வெளியேறிவிடும். அலையை முட்டி ஜெயிக்கலாம் என்ற எண்ணம் இரண்டின் அமைப்பிலும் இல்லை.

விமர்சனம் எழுதுகிறவனுக்கும் இதில் சேதி உண்டு. கடினமான கவிதை குறுக்கே வரும்போது, புரியவில்லை என்றோ, மேற்கத்திய பாதிப்பு என்றோ கரைப்பக்கம் சாய்ந்துவிடுவது சுலபம். அதன்மேல் நம் எடையை வைத்துப் பார்த்த பிறகுதான், அது தாங்குமா தாங்காதா என்று சொல்ல நமக்கு யோக்யதை வருகிறது.